மூன்று கிலோவாட் போதும்: உரும்பிராய்க் கூரையில் சூரிய மின்சாரம்

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எங்கள் வீட்டுக் கூரையில் சூரியப் பனல்கள் 2021 இன் தொடக்கத்தில் ஏறின. அன்றிலிருந்து உறவினரும் அயலவரும் கேட்பது ஒரே கேள்விதான்: "மலிவாகப் போடுவதற்கு என்ன வழி?" மலிவான பனல் எங்கே கிடைக்கும் என்ற எண்ணத்தோடுதான் பலரும் கேட்கிறார்கள். எங்களுக்குப் பெரிய தொகை மிச்சமானது விற்பனையாளர் வளவுக்குள் கால் வைப்பதற்கு முன்பே, பழைய மின்பட்டியல்களை விரித்து வைத்துக் கணக்குப் பார்த்தபோதுதான்.

அப்போது மாதம் ஏறத்தாழ 300 அலகுகள் பாவித்தோம். அன்றைய கட்டண முறையில் முதல் 60 அலகுகளுக்கு அலகொன்றுக்கு 7.85 ரூபாய்; 90 வரை 10 ரூபாய்; 120 வரை 27.75, 180 வரை 32, அதற்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் 45 ரூபாய். கூட்டிப் பாருங்கள். முதல் 180 அலகுகளுக்கு 3,524 ரூபாய் அளவில்தான் வரும். மிகுதி 120 அலகுகளுக்கு மட்டும் 5,400 ரூபாய். நிலையான கட்டணம் வேறு. பட்டியலின் மேல் நுனிதான் எங்கள் பணத்தைத் தின்றுகொண்டிருந்தது.

2016 இல் தொடங்கிய சூரியபல சங்கிராமம் என்ற அரசின் கூரைச் சூரிய மின்சாரத் திட்டத்தின் நிகரக் கணக்கீட்டு முறையில், நாங்கள் மின்சார சபைக்குக் கொடுக்கும் அலகுகள் முதலில் நாங்கள் பெற்ற அலகுகளோடு கழிபடும். மிஞ்சுவதற்கே பணம் தருவார்கள். நாங்கள் இணைந்தபோது இருந்த விலை: முதல் 7 ஆண்டுகளுக்கு அலகுக்கு 22 ரூபாய், அதன்பின் 13 ஆண்டுகளுக்கு 15.50 ரூபாய். ஆகவே அன்று கூரையில் ஏறிய முதல் கிலோவாட் 45 ரூபாய் அலகுகளை அழித்தது. தேவைக்கு மேல் ஏறும் கிலோவாட் 22 ரூபாய்க்குத்தான் உழைத்திருக்கும். கடன் எடுத்துப் போடுபவர் இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்த வேண்டும். எங்களுக்கு 5 கிலோவாட் போடும்படி சொன்னார்கள், ஒருவர் 10 என்றார். நாங்கள் 3 கிலோவாட்டில் நின்றோம். சிறிய தொகுதியில் இன்வேட்டர் (பனலின் மின்சாரத்தை வீட்டுப் பாவனைக்கு ஏற்றதாக மாற்றும் கருவி), போக்குவரத்து, இணைப்புக் கட்டணம் எல்லாம் ஒரு கிலோவாட்டுக்குச் சற்றுக் கூடுதலாக விழும் என்பது உண்மைதான். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அனுப்பிய காசு கையில் சும்மா கிடக்கிறது என்றால் பெரிதாகப் போடலாம். வட்டி கட்டுகிற குடும்பத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

பனல் வாங்குவதற்கு முன்பே பழைய குளிர்சாதனப் பெட்டியை மாற்றினோம், கிணற்று மோட்டாரைப் பழுதுபார்த்தோம், மின்குமிழ்களை எல்.ஈ.டி.க்கு மாற்றினோம். பாவனை 240 அலகுக்குக் கிட்ட வந்தது. யாழ்ப்பாணத்து வெயிலில் ஒரு கிலோவாட் மாதத்துக்கு 110 முதல் 120 அலகு வரை தருகிறது என்பது எங்கள் அனுபவம். மாசி, பங்குனியில் அதைவிடக் கூடும், கார்த்திகை மழையில் நன்றாகவே குறையும். ஆண்டு முழுவதற்கும் சராசரி பார்த்தால் 3 கிலோவாட் எங்களுக்குத் தாராளம். குளிர்சாதனப் பெட்டிக்குக் கொடுத்த காசு, போடாமல் விட்ட 2 கிலோவாட்டின் விலையில் ஒரு பகுதிதான்.

அடுத்தது கூரை. எங்கள் வீட்டின் முன்பகுதி பிளாற் (தட்டையான கொங்கிறீற் கூரை), பின்பகுதி ஓட்டுக்கூரை. பிளாற்றில் இரும்புச் சட்டம் உயர்த்திப் பனலைப் பூட்டினால் கீழே உடுப்புக் காயவிடலாம், பார்க்கவும் எடுப்பாக இருக்கும். ஆனால் அந்தச் சட்டத்துக்கே ஒரு தொகை போய்விடும். ஓட்டுக்கூரையின் தெற்குச் சரிவு ஏற்கெனவே இருக்கிறது. ஓட்டுக்கு அடியில் கொழுக்கி வைத்து, அலுமினியச் சட்டத்தில் நேரே பூட்டிவிட்டோம். யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10 பாகைக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருப்பதால் பத்துப் பாகைச் சரிவு போதும். ஓட்டின் சரிவு அதைவிடக் கூட என்றாலும் உற்பத்தியில் இழப்பு சிறிதுதான். சாய்வு கூடினால் தூசியும் தானாக வழியும்.

நிழலையும் நாங்களே பார்த்தோம். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும்போது தென்மேற்கு மூலையிலுள்ள தென்னையின் நிழல் பின்னேரம் எங்கே விழுகிறது என்று குறித்து வைத்து, பனல்களை அதற்கு வெளியே தள்ளிப் பூட்டச் சொன்னோம். வேம்பின் இரண்டு கிளைகளை மட்டும் தறித்தோம். ஒரு பனலில் விழும் ஓலை நிழல் அதே வரிசையிலுள்ள மற்றப் பனல்களின் உற்பத்தியையும் இழுத்து வீழ்த்தக்கூடியது. அதைச் சமாளிக்க ஒவ்வொரு பனலுக்கும் தனிக் கருவி பூட்டலாம் என்று விற்பனையாளர் விலை சொன்னார். இடத்தை மாற்றியதால் அது தேவைப்படவில்லை.

சில இடங்களில் ஒரு ரூபாயும் குறைக்கக் கூடாது. என் அக்காவின் வீடு வல்வெட்டித்துறையில், கடலுக்கு மிக அருகில். அந்த ஒழுங்கையில் ஒருவர் சாதாரண இரும்பில் சட்டம் அடித்து வெள்ளி வர்ணம் பூசிப் பனல் போட்டிருந்தார். இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் பூட்டாணிகளில் துரு இறங்கிவிட்டது. உப்புக் காற்றுக்கு அலுமினியச் சட்டமும் துருப்பிடிக்காத உருக்கு ஆணிகளும்தான் சரி. நில இணைப்பு, மின்னல் பாதுகாப்புக் கருவி, பனலிலிருந்து இன்வேட்டருக்கு வரும், வெயில் தாங்கும் நேரோட்ட (டி.சி.) வயர் ஆகியவையும் அப்படியே. "இந்த வயரும் அதேதான், விலை பாதி" என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அது ஓட்டுக்கு மேலே, வெயிலிலும் மழையிலும் இருபது ஆண்டு கிடக்கப் போகிற வயர்.

2022 வந்தது. டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து 360 வரை ஏறியது, மின்வெட்டு ஒரு கட்டத்தில் 13 மணித்தியாலத்தைத் தொட்டது. கூரையில் பனல் இருந்தும் எங்கள் வீடு இருட்டில்தான் கிடந்தது. மின்சார சபையின் மின் வலையமைப்போடு இணைந்த இன்வேட்டர், மின்சார சபையின் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிருக்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். இதை வாங்குவதற்கு முன்பே எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பெரிய பற்றரித் தொகுதிக்கு அப்போது கேட்ட விலை பனல்களின் விலையையே எட்டியது. இரண்டு மின்விசிறிக்கும் விளக்குகளுக்கும் மட்டும் சிறிய பற்றரியும் தனி இன்வேட்டரும் வைத்துச் சமாளித்தோம். வெட்டு நின்ற பிறகு அதன் தேவை அரிதாகிவிட்டது. பெரிய பற்றரிக்குக் கடன் எடுக்காமல் விட்டது குடும்பத்துக்கு நல்லதாகப் போயிற்று. அந்த ஆண்டு ஆவணியிலும் அடுத்த ஆண்டு மாசியிலும் கட்டணங்கள் ஏறியபோதுதான் கூரையின் அருமை வீட்டில் எல்லோருக்கும் புரிந்தது.

பராமரிப்புக்குப் பெரிய செலவில்லை, ஆனால் ஊர் தெரிந்து செய்ய வேண்டும். சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் எங்கள் செம்மண் தோட்டங்களின் தூசி முழுவதும் கூரைக்கு வந்துவிடும். அதைக் கிணற்றுத் தண்ணீரால் கழுவிக் காயவிட்டால் வெள்ளைப் படிவு தங்கும், ஏனென்றால் இங்கு நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறிய நீர். மழைநீரைப் பீப்பாயில் சேமித்து, பனல் சூடேறுவதற்கு முன் விடியற்காலையில் மென்மையான துணியால் துடைக்கிறோம்.

சில மத்தியானங்களில் இன்வேட்டர் தானாக நின்றுவிடுவதும் உண்டு. ஒழுங்கையில் பலர் பனல் போட்டுவிட்டதால், பாவனை குறைந்த நேரத்தில் கம்பியில் வோல்ட் அளவு கூடிவிடுகிறது. அதனால் கிணற்று மோட்டாரையும் சலவை இயந்திரத்தையும் மத்தியானத்தில் ஓடவிடுகிறோம். இப்படிச் செய்வதால் பட்டியலில் நேரடியாக எதுவும் குறையாது, பகலோ இரவோ அலகு அலகுதான். ஆனால் இன்வேட்டர் நிற்பது குறைந்திருக்கிறது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைத் தொகுதிகளைப் பிற்பகல் 3 மணி வரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டது. பாவனை குறைந்த நாட்களில் வலையமைப்பு படும் பாட்டை அதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம். அளவுக்கு மேல் கூரையை நிரப்ப வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அக்கா இப்போது தன் வீட்டுக்குப் போட நினைக்கிறார். "தம்பி, நீயே ஆளைப் பிடித்து விலை பேசித் தா" என்றார். "முதலில் பன்னிரண்டு மாதப் பட்டியலை எடுத்து வையுங்கோ அக்கா" என்றேன். புதிய இணைப்புக்கு மிகுதி அலகின் விலை எங்களுடையது அல்ல. அதை மின்சார சபை அலுவலகத்தில் கேட்டு அறிந்த பிறகே கணக்குப் போட வேண்டும். விலைமனுவில் பனல், இன்வேட்டர், சட்டம், வயர், கூலி, இணைப்புக் கட்டணம் ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும், மொத்தத் தொகை மட்டும் எழுதித் தருபவரிடம் வாங்க வேண்டாம். அவருடைய ஒழுங்கையில் இன்னும் இரண்டு வீட்டார் போட விரும்புகிறார்கள். மூவரும் சேர்ந்து கேட்டால் கொழும்பிலிருந்து ஏ9 வீதியால் வரும் லொறிக் கூலியும் பொறியியலாளரின் பயணச் செலவும் மூன்றாகப் பிரியும். எங்கள் ஒழுங்கையிலும் அப்படித்தான் செய்தோம். இன்வேட்டர் பத்து ஆண்டு அளவில் மாற்ற வேண்டி வரலாம் என்பதால், மிச்சமாகும் பட்டியல் காசில் ஒரு பங்கை மாதாமாதம் வங்கியில் போட்டு வைக்கவும் அவரிடம் சொல்லியிருக்கிறேன்.