சென்னையில தலைசுத்தலுக்கு வைத்தியம் பார்த்த அனுபவம்

கனடாவுல ஸ்பெஷலிஸ்ட்ட பாக்கணும்னா மாசக்கணக்கா காத்துக் கெடக்கணும், அதான் ஊருக்கு வர்றப்பவே எல்லாத்தையும் பார்த்துடலாம்னு வந்தேன். ஒரு வருஷத்துக்கு மேலாவே தலை கிறுகிறுப்பு, ரூம் சுத்தாது ஆனா படகுல நிக்கற மாதிரி ஆடிக்கிட்டே இருக்கும், கூட்டம்னா ஜாஸ்தி, கூடவே நெஞ்சு படபடப்பு, வயித்துல எந்நேரமும் ஒரு பொரட்டல்.

சென்னையில வேகத்துக்கு கொறையே இல்ல. காலைல போன் பண்ணா சாயங்காலம் டோக்கன், ரிப்போர்ட் வாட்ஸ்அப்லயே வந்துடுது. ஆனா மொதல்ல போன எடத்துல (பேரு வேணாம்) எக்ஸ்ரே எடுத்து கழுத்தெலும்பு தேய்மானம்னு காலர மாட்டி, தலைசுத்தல அடக்கற சின்னரிசினும் கேஸ் மாத்திரையும் குடுத்து அஞ்சே நிமிஷத்துல அனுப்பிட்டாங்க. அம்பது வயசுல யார எக்ஸ்ரே எடுத்தாலும் தேய்மானம் தெரியாமலா இருக்கும்? சித்தி ஒரு பக்கம் "அது பித்தம்டா, இஞ்சிச் சாறு குடி"ன்னு. பொய் சொல்லக்கூடாது, வயித்துக்கு அது இதமாத்தான் இருந்துச்சு.

அப்புறம் பேலன்ஸ் டெஸ்ட் பண்ற ஈஎன்டி கிட்ட போனேன். கண்ணுல கேமரா வெச்ச பெரிய கருப்பு கண்ணாடிய மாட்டி, டெக்னீஷியன் பொண்ணு தலைய ஒரு பக்கம் திருப்பிப் புடிச்சு படக்குனு படுக்க வெச்சு, "கண்ண மூடாதீங்க சார், மூடாதீங்க"ன்னுக்கிட்டே இருந்துச்சு. காதுக்குள்ள இருக்கற கிரிஸ்டல் எடம் மாறியிருந்தா அப்ப கண்ணு துடிக்குமாம், அப்டி இருந்தா எப்ளி முறையில தலைய திருப்பியே சரி பண்ணிடலாமாம். எனக்கு அது இல்ல. பிபிபிடின்னாங்க (PPPD), அதாவது மூணு மாசத்துக்கு மேல நீடிக்கற ஆட்டம், 2017லதான் இதுக்கு முறையான வரையறையே வந்துச்சு. ஆரம்பத்துல ஏதோ வந்து சரியாகியிருக்கும், மூளை மட்டும் இன்னும் உஷாராவே இருக்கு, பயம் அத ஏத்தி விடுது, பயத்துல வயிறும் கலங்குது. சின்னரிசின் மாதிரி மாத்திரைய மாசக்கணக்குல போட்டா மூளை பழகறது இன்னும் லேட்டாகுமாம்!

ஆட்டம், படபடப்பு, வயிறு மூணையும் ஒண்ணா வெச்சு பேசினது இந்த ஈஎன்டி அனுப்பின மனநல டாக்டர்தான். பதட்டத்துக்கும் மன அழுத்தத்துக்கும் குடுக்கற எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைய கொறஞ்ச டோஸ்ல ஆரம்பிச்சார், மொத ஒண்ணு ரெண்டு வாரம் கொமட்டல் கூடலாம், பயந்து நிறுத்திடாதீங்கன்னு முன்னாடியே சொல்லிட்டார். அந்த ஒரு வார்த்த இல்லன்னா நான் நிறுத்தியிருப்பேன்.

வயித்துக்கு எச் பைலோரிங்கற கிருமி இருக்கான்னு பாக்கற மூச்சு டெஸ்ட் எடுக்கணும்னா பேன்டோப்ரசோல் மாதிரி கேஸ் மாத்திரைய ரெண்டு வாரம் முன்னாடியே நிறுத்தணும், லீவுல வர்றவங்க டாக்டர்ட்ட கேட்டு அதுக்கு ஏத்த மாதிரி பிளான் பண்ணிட்டு வாங்க. ஊர்ல இருக்கறப்ப ராத்திரி படபடப்பு தாங்கலன்னா 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மனாஸ்ங்கற அரசு மனநல உதவி எண், காசு கெடையாது, தமிழ்லயே பேசலாம். வெளிநாடு திரும்பறவங்க பிரிஸ்கிரிப்ஷன்ல பிராண்ட் பேரோட மருந்துப் பேரையும் எழுதி வாங்கிக்கோங்க, இங்க கனடாவுல இந்திய பிராண்டு பேர சொன்னா பார்மசில முழிக்கறாங்க.