வர்திகாவா, ஹாத்திராமா?

டெல்லி போலீஸை வைத்து வந்த தொடர்களில் இரண்டு பேரைப் பற்றித்தான் எங்கள் மயூர் விஹார் பக்கம் இன்னும் சண்டை நடக்கிறது. 'டெல்லி கிரைம்' (2019) தொடரின் டிசிபி வர்திகா சதுர்வேதி, 'பாதாள் லோக்' (2020) தொடரின் இன்ஸ்பெக்டர் ஹாத்திராம் சவுத்ரி. என் ஓட்டு ஹாத்திராமுக்கு. யமுனைக்குக் கிழக்கே இருக்கும் நம்ம ஜமுனாபார் ஆள் என்ற பாசமும் அதில் கொஞ்சம் உண்டு, மறுக்கவில்லை.

வர்திகாவிடம் அதிகாரம் இருக்கிறது. 2012 டிசம்பர் பேருந்து வழக்கை (நிர்பயா வழக்கு) ஒட்டிய முதல் சீசனில் அவர் ஒரு போன் போட்டால் தனிப்படை சேர்கிறது, வெளிமாநிலத்துக்கு ஆள் கிளம்புகிறது. டெல்லி போலீஸ் முதல்வரின் கையில் இல்லை, மத்திய உள்துறையின் கீழ் இருக்கிறது. அந்த இழுபறிக்கு நடுவே தன் ஆட்களைக் காப்பாற்றி வேலை வாங்குவதுதான் அவருடைய சாமர்த்தியம். வர்திகாவாக வரும் ஷெஃபாலி ஷா குரலை உயர்த்தாமலே மிரட்டுகிறார். 2020இல் சர்வதேச எம்மி விருதும் இந்தத் தொடருக்குக் கிடைத்தது. ஆனால் தெருவில் இறங்கித் துப்பு துலக்குவதில் பெரும்பகுதி அவருக்குக் கீழே வேலை பார்க்கும் பூபேந்திர சிங் போன்றவர்களின் உழைப்பு. வர்திகா நல்ல மேலதிகாரி. துப்பறிவாளர் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

ஹாத்திராம் கதையில் ஒரு பத்திரிகையாளரைக் கொல்லக் கிளம்பிய நான்கு பேரும் ஆரம்பத்தில் யமுனைப் பாலத்திலேயே சிக்கிவிடுகிறார்கள். யார் என்பது தெரியும், ஏன் என்பதுதான் தெரியாது. கேஸ் சிபிஐக்குப் போகிறது, இவர் சஸ்பெண்ட் ஆகிறார். அப்புறம்தான் அசல் விசாரணையே ஆரம்பம். அந்த நால்வரில் ஒருவனின் ஊரான சித்ரகூட்டில் இவருக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. எனவே மிரட்டிப் பழகிய மனிதர் காது கொடுத்துக் கேட்கக் கற்றுக்கொள்கிறார். ஒரு கொலைகாரனுக்குள் இருக்கும் சின்ன மென்மையைக் கவனித்ததில் கடைசி முடிச்சு அவிழ்கிறது. அது என்னவென்று சொன்னால் பார்க்காதவர்கள் என்னை அடிக்க வருவார்கள். ஸ்டேஷனில் ஆட்களை அடிக்கிறவர், மகனிடம் பேசத் தெரியாதவர் என்ற குறைகளை ஜெய்தீப் அஹ்லாவத் ஒளிக்காமல் நடித்திருக்கிறார்.

கூடவே அன்சாரி. ராஜிந்தர் நகரில் அறை எடுத்து யுபிஎஸ்சிக்குப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அவரைத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஹாத்திராமின் கீழ் வேலை பார்த்துக்கொண்டே அதே தேர்வுக்குப் படித்தவர், 2025இல் வந்த இரண்டாம் சீசனில் ஐபிஎஸ் அதிகாரி. ஹாத்திராம் அதே இன்ஸ்பெக்டர்தான். அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டிய எவருக்கும் அந்தக் காட்சிகள் சுருக்கென்று தைக்கும்.

வர்திகாவுக்கு நியாயம் செய்ய வேண்டுமென்றால் 2022இல் வந்த இரண்டாம் சீசனையும் பாருங்கள். குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்ட மக்களைத் துறையே மறுபடி சந்தேகிக்கும்போது அவருக்கு உறுத்துகிறது. ஐந்தே எபிசோடு, ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஹாத்திராமுக்கு மட்டும் ஹெட்போன் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தி தெரிந்த மாமியார் பக்கத்து அறையில் இருந்தால் அந்த வசவுகளுக்கு விளக்கம் சொல்லி மாளாது.