கண்ணாடியில் துளையிடுதல்: வைரத்தூள் பூசிய பிட்டுகளுடன் மூன்று ஆண்டுகள்

திருகோணமலை உப்புவெளியில் உள்ள எங்கள் வீட்டின் பின்விறாந்தையில் மூன்று ஆண்டுகளாகக் கண்ணாடியில் துளையிட்டு வருகிறேன். வெறும் போத்தல்களை மேசை விளக்குகளாக்குவதும், மீன்தொட்டிகளுக்கு நீர் வெளியேறும் குழாய் பொருத்துவதுமே பெரும்பாலான வேலை. முதலில் வேல்முனை போன்ற கார்பைட் பிட்டைத்தான் (ட்ரில்லில் பொருத்தும், மிகக் கடினமான துளையூசி) பயன்படுத்தினேன். சிறிய துளைகளுக்கு அது உதவியது என்றாலும், மறுபக்கம் வெளிவரும்போது துளையைச் சுற்றிக் கண்ணாடி செதில் செதிலாகப் பெயர்ந்து, செய்த வேலை முழுவதும் வீணாகும். அதன் பிறகே 6 முதல் 25 மில்லிமீற்றர் வரையான, குழல் வடிவில் அமைந்து விளிம்பில் வைரத்தூள் பூசப்பட்ட பிட்டுகள் கொண்ட மலிவான பெட்டியொன்றை வாங்கினேன்.

வாங்கிய புதிதில், மரத்தில் துளையிடுவதைப் போலவே அழுத்திப் பிடித்து இரண்டு போத்தல்களை உடைத்தேன். நகரில் கண்ணாடி வெட்டிக் கொடுக்கும் கடையில் நெடுங்காலம் வேலை செய்யும் ஐயா ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "தம்பி, கண்ணாடியைத் துளைக்க ஏலாது, தேய்க்கத்தான் ஏலும்" என்றார். அவர் சொன்னது முழு உண்மை. கடினத்தன்மையை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் சாதாரணக் கண்ணாடி ஏறத்தாழ 5.5, வைரம் 10. பிட்டின் விளிம்பில் ஒட்டியிருக்கும் வைரத்துகள்கள் கண்ணாடியை வெட்டுவதில்லை; சிறிது சிறிதாக அரைத்து எடுக்கின்றன. அரைபடும் இடத்தில் சூடு பிறக்கும், கண்ணாடியோ வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே ஓரிடம் மட்டும் சூடாகி விரிய, சுற்றியுள்ள பகுதி குளிர்ந்தே இருக்க, இடையில் வெடிப்பு ஓடிவிடுகிறது. தண்ணீர் தேவைப்படுவது இதனால்தான்.

இப்போது நான் செய்யும் முறை இது. பழைய சாக்குப் பையொன்றில் பாதியளவு மணலை நிரப்பி, அதன்மேல் போத்தலை அசையாமல் படுக்கவைக்கிறேன். துளையிட வேண்டிய இடத்தைச் சுற்றிக் களிமண்ணால் சிறு வரம்பு கட்டித் தண்ணீர் ஊற்றுகிறேன். தண்ணீருக்கு அருகில் வேலை என்பதால் மின்கம்பியில்லாத பற்றரி ட்ரில்லை மட்டுமே எடுக்கிறேன். இதில் எவ்வித விட்டுக்கொடுப்பும் கூடாது என்பது என் உறுதியான கருத்து. குழல் பிட்டுக்கு நடுவில் கூர்முனை இல்லாததால் நேராக வைத்தால் அது வழுக்கி ஓடிக் கண்ணாடியைக் கீறிவிடும். அதனால் ஏறத்தாழ 45 பாகை சரித்துப் பிடித்து, மிக மெதுவான வேகத்தில் தொடங்க வேண்டும். சில செக்கன்களில் பிறை போன்ற ஒரு தடம் விழும். அந்தத் தடத்தில் பிட் பதிந்தபின் மெல்ல மெல்ல நிமிர்த்தினால், பிறை முழுவட்டமாகிவிடும்.

அதன் பிறகு ட்ரில்லின் சொந்த எடையே போதுமான அழுத்தம். தண்ணீர் பால்போல வெளுக்கத் தொடங்குவது வேலை சரியாக நடக்கிறது என்பதற்கு அடையாளம். அவ்வப்போது பிட்டைத் தூக்கி, வட்டப் பள்ளத்துக்குள் புதிய தண்ணீர் இறங்க இடம் கொடுக்கிறேன். 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள கண்ணாடியில் 12 மில்லிமீற்றர் துளைக்கு எனக்கு நான்கு நிமிடங்கள் வரை ஆகிறது. சீரான உரசல் ஒலி மெலிந்து மாறும் கணத்தில் கையை இன்னும் இலேசாக்க வேண்டும், ஏனெனில் கடைசி ஒரு மில்லிமீற்றரில்தான் விளிம்பு சிதறுகிறது. தட்டையான கண்ணாடியாயின் பாதியில் புரட்டி மறுபக்கத்திலிருந்து முடிக்கலாம். போத்தலில் அதற்கு வழியில்லை. பொறுமையாக முடித்தால், பொத்தானளவு கண்ணாடி வில்லையொன்று உள்ளே விழுந்து கிணுகிணுக்கும்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் துளையிட முடியாத கண்ணாடி ஒன்று உண்டு. சாதாரணக் கண்ணாடி என்று சொல்லி விற்கப்பட்ட மேசைக் கண்ணாடியொன்றில் தொடங்கிய இரண்டாவது நிமிடத்தில், அது முழுவதும் பயறளவுத் துண்டுகளாகச் சிதறியது. அது பதப்படுத்திய கண்ணாடி. 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று குளிர்விப்பதால் அதன் மேற்பரப்பு நெருக்கப்பட்டும் உட்பகுதி இழுபட்டும் இருக்கும். அந்தச் சமநிலை ஓரிடத்தில் குலைந்தால் முழுவதும் நொறுங்கும். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருந்ததால் என் கண்கள் தப்பின. இப்போது மூலையில் பதப்படுத்தியதைக் காட்டும் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதுடன், போலரைஸ்ட் வெயில்கண்ணாடி வழியாகவும் நோக்குகிறேன். வரிசையாகக் கரும்புள்ளிகளோ பட்டைகளோ தெரிந்தால் தொடுவதில்லை. பல மீன்தொட்டிகளின் அடித்தட்டு இத்தகையது என்பதால், தொட்டி வைத்திருப்போர் இதைக் கட்டாயம் சோதிக்க வேண்டும்.

பிட்டுகளின் ஆயுளைப் பற்றிச் சொல்வதானால், 12 மில்லிமீற்றர் பிட் முப்பது துளைகளுக்குச் சற்று மேல் தாங்கியது. வேகம் குறைந்தபோது சாணைக்கல் துண்டொன்றில் ஈரத்துடன் சிறிது ஓட்டினேன். அடைந்திருந்த தூள் நீங்கி, மேலும் சில துளைகளுக்கு உழைத்தது. வைரப்பூச்சு மெல்லிய ஒரு படலம் மட்டுமே என்பதால், அது தேய்ந்தபின் செய்வதற்கு ஒன்றுமில்லை. எங்கள் கடற்கரையின் உப்புக்காற்றில் பிட்டின் தண்டு விரைவில் துருப்பிடிக்கிறது. ஒவ்வொரு முறையும் துடைத்து, தையல் மெசின் எண்ணெய் தடவியே வைக்கிறேன். கண்ணாடித்தூள் கலந்த வெள்ளைச் சேற்றை உலரவிட்டுக் கூட்டாமல், ஈரத்துணியால் உடனே துடைத்தெடுக்க வேண்டும்.

அடுத்த முறை முழுப்பெட்டியாக வாங்க மாட்டேன். விளக்கு வயருக்கு 8, குழாய்களுக்கு 12, 25 என மூன்று அளவுகளை மட்டும், ஒவ்வொன்றிலும் இரண்டாக வாங்குவேன். பெட்டியிலிருந்த மற்றப் பிட்டுகளில் பாதி இன்னும் தண்ணீரையே தொடவில்லை.