அரிசியா, பணமா: ரேஷன் விவாதத்தின் இரு தரப்பையும் படித்துப் பார்த்தால்

நாகூரைத் தாண்டி வாஞ்சூர் எல்லையைக் கடந்தால் புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்கால். வயல் அதே வயல், சாப்பாடு அதே சாப்பாடு. ஆனால் பல ஆண்டுகளாக எல்லைக்கு இந்தப் பக்கம் ரேஷன் கடையில் அரிசி போட்டார்கள், அந்தப் பக்கம் வங்கிக் கணக்கில் பணம் போட்டார்கள். புதுச்சேரியும் சண்டிகரும் 2015 செப்டம்பரில் தானியத்தை நிறுத்திவிட்டு நேரடிப் பணத்துக்கு மாறின. தமிழ்நாடு 2011 ஜூனிலிருந்து அரிசியை இலவசமாகவே தருகிறது. உணவு மானியத்தைப் பொருளாகக் கொடுப்பதா, ரொக்கமாகக் கொடுப்பதா என்ற சண்டைக்கு நாம் டெல்லி ஆவணங்களில் மட்டும் ஆதாரம் தேட வேண்டியதில்லை. பக்கத்து ஊரிலேயே இரண்டும் நடந்திருக்கின்றன.

எனக்கு இதில் ஒரு சார்பு உண்டு. தமிழ்நாட்டில் அரிசி தொடர வேண்டும் என்பதே என் நிலை. ஆனால் பணத்தை ஆதரிப்பவர்களை ஏழைகளின் எதிரிகள் என்று ஒதுக்கிவிட்டுப் பேசுவது நியாயமில்லை. அவர்களிடம் வலுவான வாதம் இருக்கிறது.

முதல் வாதம் கசிவு. இந்திய உணவுக் கழகத்தைச் சீரமைக்க மத்திய அரசு அமைத்த சாந்த குமார் குழு 2015 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை, 2011-12-ல் பொது விநியோகத்துக்குப் போன தானியத்தில் 46.7 சதவீதம் மக்களைச் சென்றடையவில்லை என்றது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் தொடங்கிப் படிப்படியாகப் பணத்துக்கு மாறலாம் என்பது அந்தக் குழுவின் பரிந்துரை. பொருளாதார வல்லுநர் அசோக் குலாட்டியும் சக ஆய்வாளர்களும் 2024-ல் வெளியிட்ட கணக்கில் 2022-23-க்கான கசிவு 28 சதவீதம். குறைந்திருக்கிறது, ஆனாலும் சின்னத் தொகை அல்ல.

இரண்டாவது, செலவு. கொள்முதல், மூட்டை, கிடங்கு, லாரி, வட்டி எல்லாம் சேர்த்தால் ஒரு கிலோ அரிசிக்கு இந்திய உணவுக் கழகத்துக்குச் சமீப ஆண்டுகளில் 40 ரூபாயை ஒட்டி ஆகிறது. அந்த 40 ரூபாயை நேராகக் கையில் கொடுத்தால் என்ன என்ற கேள்வி எழத்தான் செய்யும்.

மூன்றாவது வாதம் விருப்பம். எனக்கு மிகவும் கனமாகப் படுவது இதுதான். நம் ஊரில் ரேஷன் அரிசியை வாங்கி, ஊறவைத்து, இட்லி மாவுக்கு மட்டும் போட்டுவிட்டுச் சோற்றுக்குக் கடையில் பொன்னி வாங்கும் குடும்பங்கள் ஏராளம். மாட்டுக்குப் போவதும், எல்லை தாண்டிக் கடத்தப்படுவதும் யாரும் அறியாத ரகசியமல்ல. புழு நெளியும் மூட்டையைப் பிரித்துக் காட்டி ‘இதைத்தான் தின்ன வேண்டும்’ என்று ஓர் ஏழைப் பெண்ணிடம் சொல்ல எந்த அரசுக்கும் உரிமையில்லை. பணம் இருந்தால் அவள் தனக்குப் பிடித்த அரிசியை வாங்குவாள், அல்லது அந்த மாதம் முட்டை வாங்குவாள்.

‘பணம் கொடுத்தால் ஆண்கள் குடித்துவிடுவார்கள்’ என்பது அரிசித் தரப்பு தயங்காமல் எடுத்துவிடும் பதில். அந்தப் பதிலை விட்டுவிட வேண்டும் என்பேன். 2011-ல் டெல்லி ரகுபீர் நகரில் பெண் தொழிலாளர்களின் சேவா அமைப்பு நடத்திய சோதனையில், ரேஷனுக்குப் பதிலாக மாதம் 1,000 ரூபாய் பெற்ற குடும்பங்களில் மதுச் செலவு கூடவில்லை. ஆதாரம் இல்லாத பயத்தைக் காட்டி ஏழைகளின் கையில் பணம் கொடுக்கக் கூடாது என்பது அவர்களை அவமதிப்பது.

இனி அரிசித் தரப்பு. கசிவு எண்களைப் பார்க்கும்போது அது எந்த மாநிலத்தின் எண் என்று கேட்க வேண்டும். சத்தீஸ்கரில் 2004-05-ல் ஏறக்குறைய பாதித் தானியம் காணாமல் போனது. கடைகளைத் தனியாரிடமிருந்து எடுத்துப் பஞ்சாயத்துகளுக்கும் கூட்டுறவுகளுக்கும் மாற்றி, அட்டைகளை விரிவாக்கி, விலையைக் குறைத்த பிறகு 2009-10-ல் அது 10 சதவீத அளவுக்கு இறங்கியது. கடைகளை மூடித்தான் கசிவை அடைக்க முடியும் என்ற வாதம் அங்கேயே உடைகிறது. தமிழ்நாட்டில் கசிவு அந்தக் காலத்திலேயே தேசிய சராசரியைவிட மிகக் குறைவு. 1997-ல் மத்திய அரசு வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தபோது தமிழ்நாடு பிரிக்க மறுத்தது. எல்லாருக்கும் அட்டை இருப்பதால், கடை பூட்டிக் கிடந்தால் எதிர்த்துக் கேட்கும் குரல் உள்ளவர்களும் அந்த வரிசையில் இருக்கிறார்கள். ஆக, 46.7 என்ற எண்ணை எடுத்துவந்து 34,000-க்கும் மேற்பட்ட நம் கடைகளை மூடச் சொல்வது பொருந்தாத அளவுகோல்.

2011-ல் பொருளாதார ஆய்வாளர் ரீதிகா கேராவும் குழுவினரும் ஒன்பது மாநிலங்களில் 1,200-க்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் கேட்டபோது பெரும்பாலோர் தானியத்தையே விரும்பினார்கள். ஆனால் கடைகள் சீரழிந்து கிடந்த பீகாரில் பாதிக்கும் மேற்பட்டோர் பணம் என்றார்கள். இரு தரப்பும் இந்த ஆய்வில் தமக்குச் சாதகமான வரியை மட்டும் மேற்கோள் காட்டுவார்கள். சேர்த்துப் படித்தால் இன்னொன்று தெரியும்: கடை ஒழுங்காக இயங்கும் ஊரில் அரிசி கேட்கிறார்கள், இயங்காத ஊரில் பணம் கேட்கிறார்கள்.

புதுச்சேரி, சண்டிகர், தாத்ரா நகர் ஹவேலி பற்றி நிதி ஆயோக்குக்காகக் கார்த்திக் முரளிதரன் உள்ளிட்டோர் செய்த கண்காணிப்பு ஆய்வுக்கும் இதே கதிதான். பணம் போய்ச் சேர்ந்ததாகப் பதிவேடு காட்டிய இடத்தில், தமக்கு வரவில்லை என்று கணிசமான பயனாளிகள் சொன்னார்கள் என்ற பகுதியை அரிசித் தரப்பு எடுத்துக்கொள்கிறது. மாதங்கள் போகப் போகச் சிக்கல் குறைந்து, பணத்தை விரும்புவோர் கூடினார்கள் என்ற பகுதியைப் பணத் தரப்பு எடுத்துக்கொள்கிறது. இரண்டும் ஒரே ஆய்வில்தான் இருக்கின்றன.

ஜார்க்கண்டில், ராஞ்சிக்கு அருகிலுள்ள நக்ரியில், 2017 அக்டோபரில் நடந்த சோதனைக்கு இப்படி இரண்டு வாசிப்பு கிடையாது. முதலில் வங்கிக்குப் போய்ப் பணம் வந்ததா என்று பார்க்க வேண்டும். பிறகு அதை எடுத்துவந்து ரேஷன் கடையிலேயே கிலோ 32 ரூபாய்க்கு அரிசி வாங்க வேண்டும். அதற்கு முன் அதே அரிசி கிலோ 1 ரூபாய். கூலி வேலையை விட்டுவிட்டு வங்கிக்கும் கடைக்கும் அலைந்த மக்கள் 2018 பிப்ரவரியில் ராஞ்சிக்கு நடந்தே போனார்கள். ஆகஸ்டில் அரசு திட்டத்தைக் கைவிட்டது.

இத்தனைக்கும் பிறகு என் நிலையைத் தீர்மானிப்பது கசிவும் அல்ல, அலைச்சலும் அல்ல. விலை ஏறினால் யார் சுமப்பது என்ற கேள்வி. 20 கிலோ அரிசி என்பது பஞ்சத்திலும் 20 கிலோதான். 600 ரூபாய் அப்படியல்ல. புதுச்சேரியில் யூனியன் பிரதேச அரசின் இலவச அரிசிக்குப் பதிலாக, ஏழைக் குடும்பங்களுக்கான சிவப்பு அட்டைக்கு 20 கிலோவுக்கு 600 ரூபாய் என்று கணக்கிட்டார்கள், கிலோவுக்கு 30. கடையில் அரிசி 50-ஐத் தொட்டாலும் அந்த 30 தானாக நகராது. மத்திய அரசின் 2015 விதிகளிலும் தொகை குறைந்தபட்ச ஆதரவு விலையின் 1.25 மடங்கை வைத்துத்தான் தீர்மானிக்கப்பட்டது. தெருமுனைக் கடை விலையோடு அதற்குத் தொடர்பில்லை.

பணம் எப்படிக் கரையும் என்பதற்குச் சமையல் எரிவாயுவே சாட்சி. மானியம் நேராக உங்கள் கணக்குக்கு வரும் என்றுதான் அதுவும் தொடங்கியது. 2020 மே மாதத்துக்குப் பிறகு பெரும்பாலான வீடுகளுக்கு அது ஏறக்குறைய நின்றே போனது. எந்தச் சட்டத்தையும் திருத்தவில்லை, சத்தமில்லாமல் நின்றது. ரேஷன் கடையை ஒரு மாதம் பூட்டிப் பார்க்கட்டும், அன்று மாலையே சாலை மறியல் நடக்கும். ஏழைகளுக்கு அந்தக் கடைதான் அரசை நேருக்கு நேர் கேள்வி கேட்கும் இடம்.

பணம் உள்ளூர்ச் சந்தையையே மாற்றிவிடும் என்பதும் உண்டு. மெக்சிகோவில் உணவுப் பொருள் பெற்ற கிராமங்களையும் பணம் பெற்ற கிராமங்களையும் ஒப்பிட்ட குன்யா, டி ஜியோர்ஜி, ஜெயச்சந்திரன் ஆய்வில், பொருள் வந்த ஊர்களில் உணவு விலை தணிந்தது. ஒதுக்குப்புறமான ஊர்களில் இந்த வேறுபாடு கூடுதல். நம் மலைக் கிராமங்களை நினைத்துப் பார்த்தால் இது வெறும் கல்வியாளர் கணக்கு அல்ல.

டெல்டா விவசாயியையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் எடுக்கும் நெல்தான் அரைத்து ரேஷன் கடைக்கு வருகிறது. கடை போனால் கொள்முதல் எதற்கு என்ற கேள்வி அடுத்த பட்ஜெட்டிலேயே வரும். பணத் தரப்பின் கட்டுரைகளில் இதற்கு உருப்படியான பதிலை நான் பார்த்ததில்லை.

கர்நாடகத்தில் நடந்தது வேறு மாதிரி. 2023-ல் அந்த மாநிலத்தின் இலவச அரிசித் திட்டமான அன்ன பாக்யாவின் கூடுதல் 5 கிலோவைக் கொடுக்க அரசு தயார், ஆனால் மத்தியத் தொகுப்பிலிருந்து அரிசி கிடைக்கவில்லை. ஜூலையிலிருந்து கிலோவுக்கு 34 வீதம் ஆளுக்கு 170 ரூபாய் கொடுத்தார்கள். மத்தியத் தொகுப்பு அரிசி கிலோ 22.50-க்குக் கிடைத்ததும் 2025 பிப்ரவரியில் அரிசிக்கே திரும்பினார்கள். இடைக்கால ஏற்பாடாகப் பணம் அங்கே உதவியது, அதை மறுக்க முடியாது.

புதுச்சேரியில் முதல்வர் நாராயணசாமி அரிசி வேண்டும் என்றார், துணைநிலை ஆளுநர் கிரண் பேடி பணம்தான் என்றார். மத்திய அரசு பணத்தின் பக்கம் நின்றது. 2020-ல் சென்னை உயர் நீதிமன்றமும் அந்த முடிவில் தலையிடவில்லை. கடைசியில் 2024 தீபாவளியை ஒட்டி அங்கே ரேஷன் கடைகளை மறுபடியும் திறந்தார்கள்.

விருப்பம் என்ற வாதத்துக்கு மட்டும் நாம் இன்னும் பதில் சொல்லவில்லை. அதற்கான வழி நம் அட்டை முறையிலேயே இருக்கிறது. அரிசி வேண்டாம் என்பவர்களுக்குச் சர்க்கரை அட்டை வெகுகாலமாக உண்டு. அதை அரிசி அட்டையாக மாற்றிக்கொள்ள 2019-ல் அரசே வாய்ப்பும் கொடுத்தது. அதே வழியில், சென்னை, கோவை போன்ற நகரங்களில் மட்டும், கேட்பவர்களுக்கு அரிசிக்குப் பதில் பணம் என்ற மூன்றாவது அட்டையைச் சோதித்துப் பார்க்கலாம். தொகை உள்ளூர்ச் சில்லறை விலையோடு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நகர வேண்டும். எந்த மாதமும், காரணம் கேட்காமல், அரிசிக்குத் திரும்பும் உரிமை அட்டைதாரருக்கு இருக்க வேண்டும். அதற்காகவே கடை திறந்திருக்க வேண்டும்.