ரிங் நூலா, ஓ.இ. நூலா: 20-ஆம் நம்பரில் எதை வாங்குவது?

ஈரோட்டுப் பக்கம் நூல் கடையில் போய் 20-ஆம் நம்பர் கேட்டால், "ரிங்கா, ஓ.இ.யா?" என்று திருப்பிக் கேட்பார்கள். ரிங், ஓ.இ. (ஓப்பன் எண்ட்) இரண்டும் பஞ்சை நூலாக நூற்கும் இரு முறைகள். 60, 80 என்று மெல்லிய நூல் கேட்டால் இந்தக் கேள்வியே வராது, அது ரிங்தான். 6, 10 என்று தடிமனாகக் கேட்டால் பெரும்பாலும் ஓ.இ. நடுவில் இருக்கும் 16, 20, 24 நம்பர்களில்தான் இரண்டும் உண்மையிலேயே மோதுகின்றன. எங்கள் தறிகளுக்கு நூல் வாங்கும் வேலை என்னுடையது என்பதால், 20-ஐ வைத்தே இரண்டையும் ஒப்பிடுகிறேன்.

நம்பர் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 840 கெஜம் ஒரு கழி. ஒரு பவுண்டு எடையில் எத்தனை கழி நூல் கிடைக்கிறதோ அதுதான் நம்பர். 20-ஆம் நம்பரில் ஒரு பவுண்டுக்கு 16,800 கெஜம், அதாவது 15 கிலோமீட்டருக்குச் சற்று மேல். நம்பர் ஏற ஏற நூல் மெலியும்.

மில்லுக்குள் பஞ்சு வரும் வழி, பாதி தூரம் வரை இரண்டுக்கும் ஒன்றுதான். புளோரூமில் பேல் பிரிந்து தூசியும் தும்பும் போகும். கார்டிங்கில் இழைகள் சிக்கு நீங்கி, கயிறு போல ஸ்லைவராகத் திரண்டு வரும். டிரா பிரேமில் ஆறு, எட்டு ஸ்லைவர்களைச் சேர்த்து இழுத்து ஒரே ஸ்லைவராகச் சீராக்குவார்கள். அங்கிருந்து வழி பிரிகிறது.

ரிங் வழியில் ஸ்லைவர் சிம்ப்ளக்ஸ் எந்திரத்துக்குப் போய் லேசாக முறுக்கேறிய ரோவிங் ஆகிறது. அப்புறம் ரிங் பிரேமில் ரோலர்கள் அதை மெல்லிதாக இழுத்துவிட, சுழலும் பாபினைச் சுற்றி வளையத்தில் ஓடும் டிராவலர் என்ற சின்ன கொக்கி முறுக்கேற்றுகிறது. ஒரு பாபினில் சில பத்து கிராம் நூல்தான் பிடிக்கும். அதனால் பல பாபின் நூலை ஒன்றோடொன்று இணைத்து கோன், அதாவது கூம்பு வடிவப் பெரிய உருண்டை, போட வேண்டும்.

ஓ.இ. வழியில் சிம்ப்ளக்ஸும் இல்லை, தனியாக கோன் போடும் வேலையும் இல்லை. பல் வைத்த ஒரு சிறிய உருளை ஸ்லைவரை ஏறக்குறைய ஒற்றை இழைகளாகவே பிய்த்துவிடும். காற்று அந்த இழைகளை உறிஞ்சி, அதிவேகமாகச் சுழலும் ஒரு கிண்ணத்துக்குள் கொண்டுபோகும். அதுதான் ரோட்டார். அதன் உள்விளிம்பில் ஒரு பள்ளம் உண்டு. இழைகள் அதில் அடுக்கடுக்காகப் படிய, உள்ளே விட்ட நூல் முனை அவற்றை முறுக்கி இழுத்துக்கொண்டே வெளியே வந்து நேராக கோனில் ஏறுகிறது. இந்த முறை 1967-இல் செக்கோஸ்லோவாக்கியாவின் பி.டி. 200 எந்திரத்தோடு வியாபாரத்துக்கு வந்தது.

ஓ.இ. நூல் ரிங் நூலைவிட விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. ரிங்கில் ஒரு முறுக்கு ஏற வேண்டுமென்றால் நூல் சுற்றிய பாபின் முழுவதும் ஒரு சுற்று சுற்ற வேண்டும். டிராவலரும் வளையத்தில் உரசிச் சூடாகும். அதனால் வேகத்தை ஓர் அளவுக்கு மேல் கூட்ட முடியாது. நிமிடத்துக்கு 16,000 சுற்று, அங்குலத்துக்கு 18 முறுக்கு என்று வைத்தால், ஒரு கதிரில் (பாபின் மாட்டிய அச்சில்) நிமிடத்துக்கு சுமார் 22 மீட்டர் நூல் வரும். ஓ.இ.யில் சுற்றுவது ரோட்டார் மட்டுமே, கோன் தன் போக்கில் மெதுவாக நூலைச் சுற்றிக்கொண்டால் போதும். முறுக்கைச் சற்றுக் கூட்டி 21 வைத்து, ரோட்டாரை 90,000 சுற்றில் ஓட்டினாலும் நிமிடத்துக்கு சுமார் 109 மீட்டர். ஏறக்குறைய ஐந்து மடங்கு.

வேகமாக வருவதால் தரம் குறைந்தது என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அது சரியில்லை. பலத்தில் ரிங் முன்னே நிற்கிறது, அதை மறுக்க முடியாது. இழைகள் இறுக்கமாக இழுபட்ட நிலையிலேயே முறுக்கேறுவதால், உள்ளிருந்து வெளியே, வெளியிலிருந்து உள்ளே என்று ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன. ரோட்டாரில் அந்த இழுவிசை குறைவு. இழைகள் மடங்கியும் வளைந்தும் கிடக்கும், சில இழைகள் நூலின் மேல் அரைஞாண் போலச் சுற்றிக்கொண்டு நிற்கும். ஓ.இ. நூல் கைக்குச் சற்று முரடாகப் படுவதற்கு அந்தச் சுற்று இழைகளும் கூடுதல் முறுக்கும்தான் காரணம்.

ஆனால் சீரில் ஓ.இ. ஜெயிக்கும். பள்ளத்தில் பல அடுக்காக இழை படிவதால் தடித்த இடமும் மெலிந்த இடமும் சமமாகிவிடும். பிசிறு குறைவு. நூல் சற்று உப்பலாக இருப்பதால் சாயத்தையும் தண்ணீரையும் நன்றாகக் குடிக்கும். ஈரம் துடைக்கும் துண்டுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இன்னொன்று, எனக்கு இதுதான் மிக முக்கியம். குட்டை இழையை ரிங் பிரேம் தாங்காது. ரோலர்களுக்கு நடுவே பிடிமானம் இல்லாமல் அவை மிதந்து நூலைக் கெடுக்கும். அதனால்தான் நயமான நூலுக்கு கோம்பர் எந்திரம் வைத்துக் குட்டை இழைகளைச் சீவி எடுக்கிறார்கள். அந்தக் கழிவுப் பஞ்சை ஓ.இ. ஏற்றுக்கொள்ளும். திருப்பூர் பனியன் கட்டிங் வேஸ்ட்டையும் நிறம் பிரித்து, மறுபடி பஞ்சாகக் கிழித்து, ஓ.இ. மில்களில் நூலாக்குகிறார்கள். ஏற்கெனவே நிறம் இருப்பதால் புதிதாகச் சாயம் போட வேண்டியதில்லை. நொய்யலைக் கெடுத்த சாயக்கழிவுக்காக 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதைப் பார்த்த எங்களுக்கு, சாயமே கேட்காத நூலின் அருமை தெரியும்.

ஓ.இ.க்கு எல்லையும் உண்டு. நூலின் குறுக்குவெட்டில் சுமார் 100 இழைகளாவது இருந்தால்தான் அறுபடாமல் ஓடும். அதனால் 40-ஐத் தாண்டி மெல்லியதாக நூற்பது கஷ்டம். 1974-இல் கோயம்புத்தூரில் உருவான சுவின் போன்ற நீண்ட இழைப் பருத்தியை ஓ.இ.க்குக் கொடுப்பது வீண். 100-ஆம் நம்பர் ரிங் நூலுக்குப் போக வேண்டிய பஞ்சு அது.

எங்கள் தறிக்கு என் கணக்கு இது. துண்டுக்கும் மேஜை துடைக்கும் துணிக்கும் ஊடையில், அதாவது குறுக்கே ஓடும் நூலில், ஓ.இ., கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பெட்ஷீட் பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்கு, ரிங். பாவு நூல் ஓயாமல் விசையில் இழுபட்டு, உரசி, ஏறி இறங்குகிறது. அங்கே கிலோவுக்கு மிச்சம் பிடித்த பணம் அறுபட்ட இழையை முடிச்சுப் போட்டு இணைக்கும் நேரத்தில் போய்விடும். சட்டைத் துணிக்கும் ரிங்தான், உடம்பில் படும் மென்மைக்காக.

எது வாங்கினாலும் இரண்டையும் ஒரே துணியின் ஊடையில் கலக்கக் கூடாது. ஒருமுறை ரிங் என்று சொல்லி ஒருவர் கொடுத்த மூட்டையில் பாதி ஓ.இ. கோன்கள். வெள்ளையாக நெய்தபோது எங்களுக்குத் தெரியவில்லை. சாயம் போட்டு வந்ததும் பெட்ஷீட் முழுவதும் வெளிர், அடர் என்று பட்டை பட்டையாக நின்றது. அத்தனையும் இரண்டாம் தரமாகத்தான் போனது.

அன்றிலிருந்து ஒவ்வொரு மூட்டையிலும் இரண்டு, மூன்று கோன் எடுத்து, ஒரு சாண் நூலை வெளிச்சத்தில் பிடித்து முறுக்கைப் பிரித்துப் பார்க்கிறேன். ரிங் நூல் என்றால் இழைகள் விரிந்து வரிசையாகப் படுத்துக்கொள்ளும், லேசாக இழுத்தால் வழுக்கிப் பிரியும். ஓ.இ. அப்படிப் பிரியாது. உள்முறுக்கு அவிழ்ந்த பிறகும் மேலே சுற்றிய இழைகள் அங்கங்கே முடிச்சுப் போல இறுகி நிற்கும்.