மொட்டைமாடி வெயில்: தட்டோடா, வெள்ளைப் பூச்சா, தகர ஷெட்டா?

சித்திரை, வைகாசியில் மேல்தளத்தில் குடியிருப்பவர்களுக்குப் பகலைவிட ராத்திரிதான் கொடுமை. பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட், இருட்டிய பிறகு சூட்டைக் கீழே இறக்கும். ஃபேன் போட்டால் அந்த அனல்தான் முகத்தில் அடிக்கும். கான்கிரீட் சூடான பிறகு உள்ளே மறைப்பதைவிட வெளியிலேயே தடுப்பது மேல் என்பதால், ஃபால்ஸ் சீலிங்கை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

தட்டோடு நம் ஊர்ப் பழைய வழி. செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து 3 அங்குலம் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, அதன்மேல் ஓடு பதிப்பார்கள். வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கும் தளத்துக்குச் சுண்ணாம்பு ஈடுகொடுக்கும். இப்போது பலரும் அவசரத்துக்கு சிமென்டில் முடிப்பதால் வெடிப்பு விடுகிறது. பாரத்தையும் பார்க்க வேண்டும்: சதுர அடிக்கு 10 கிலோவுக்கு மேல் வரும். பழைய கட்டடம் என்றால் இன்ஜினியரைக் கேட்காமல் ஏற்றக்கூடாது. தவிர, சிவப்பு ஓடு சூட்டைத் தாமதப்படுத்துமே ஒழிய, திருப்பி அனுப்பாது.

திருப்பி அனுப்புவது வெள்ளை நிறம். அதனால்தான் தெலங்கானா அரசு 2023-இல் வெயிலைத் திருப்பி அனுப்பும் குளிர்கூரைக்கென்றே (கூல் ரூஃப்) தனிக் கொள்கை கொண்டுவந்தது. மூன்றில் செலவும் இதற்கே குறைவு, பாரமும் இல்லை. வெறும் சுண்ணாம்பு அடித்தால் ஐப்பசி மழையோடு போய்விடும். கூல் ரூஃப் பெயின்ட் சில வருஷம் நிற்கும். ஆனால் புழுதியும் பாசியும் படிந்தால் வெள்ளையின் பலன் குறையும். வருஷம் ஒருமுறை கழுவ சோம்பல்பட்டால் இதை யோசிக்க வேண்டாம். எதிர்வீட்டு மாடிக்காரருக்குக் கண் கூசும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஷெட் போட்டால் வெயில் தளத்தைத் தொடாது. நடுவில் காற்றும் ஓடும். துணி காயப்போட, விசேஷத்துக்குப் பந்தி போட இடம் கிடைக்கும். செலவு அதிகம், மழைச் சத்தம் காதைப் பிளக்கும். அவ்வளவு செலவழிப்பவர் தகரத்துக்குப் பதில் உயரமான சட்டத்தில் சோலார் பேனல் போடலாம். நிழலும் ஆச்சு, கரன்ட்டும் ஆச்சு. 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் அறிவித்திருக்கிறது.

புதிதாகக் கட்டுபவர் என்றால் சுண்ணாம்புத் தளம் போட்டு, மேலே வெள்ளை ஓடு பதிக்கச் சொல்வேன். கட்டி முடித்த வீட்டுக்கு என் ஓட்டு பெயின்டுக்குத்தான். மாசியிலேயே வெடிப்புகளை அடைத்துவிட்டு அடியுங்கள்.