ஒரே கப்பல், ரெண்டு பந்தி: சூட்டும் சாதா அறையும் கலந்து புக் செய்கிற குடும்பங்களுக்கு

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு பெரியவர்களைச் சிங்கப்பூர் உல்லாசக் கப்பலுக்கு அழைத்துப் போகிற குடும்பங்கள் மதுரையில் உண்டு. அப்பா அம்மாவுக்கு சூட் (பெரிய சொகுசு அறை), மகள் குடும்பத்துக்கு பால்கனி அறை, காலேஜ் பிள்ளைகளுக்கு ஜன்னல் இல்லாத உள்ளறை என்று கைக்கு அடக்கமாகப் பிரித்துப் போடுவார்கள். அறையைப் பிரிப்பதில் தப்பே இல்லை. ஆனால் சில கப்பல்களில் அறையை வைத்துத்தான் பந்தியே. அதைப் பார்க்காமல் பணம் கட்டிவிட்டால், முதல் ராத்திரியே தாத்தா ஒரு தளத்திலும் பேரன் வேறொரு தளத்திலும் உட்கார வேண்டிவரும்.

பெரும்பாலான கம்பெனிகளில் நடைமுறை இதுதான்: சூட்காரர்கள் பொதுச் சாப்பாட்டுக்கூடத்துக்கு வரலாம், சாதா அறைக்காரர்களை சூட் உணவகத்துக்குக் கூட்டிப்போக முடியாது. ஆகவே மொத்தக் குடும்பமும் சேர்ந்து சாப்பிட ஏற்ற இடம் பொதுக்கூடம்தான்.

சில பருவங்களில் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும், ராயல் கரீபியன் கம்பெனியின் குவான்டம் வகைக் கப்பல்களைப் பார்ப்போம். அதில் ‘கோஸ்டல் கிச்சன்’ என்று சூட்காரர்களுக்கான உணவகம் இருக்கிறது. மேல் வகை சூட்டுகளில் இருப்பவர்களுக்கு மூன்று வேளையும் அங்கே இடம். ‘ஜூனியர் சூட்’ எடுத்தவர்களுக்கு ராத்திரிச் சாப்பாடு மட்டும், அதுவும் இடம் இருந்தால். பெயரில் சூட் என்று இருப்பதை நம்பி மூன்று வேளையும் கிடைக்கும் என்று நினைத்துக் காசைக் கூட்டிக் கட்டுகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். எல்லாரும் சேர்ந்து சாப்பிடப் போகிறோம் என்று முடிவெடுத்துவிட்டால் கோஸ்டல் கிச்சனுக்காக சூட் எடுக்கவே வேண்டாம். அறையின் விசாலத்துக்காக, முட்டிவலிக்காரர்களின் வசதிக்காக எடுங்கள், அதில் நியாயம் இருக்கிறது.

பொதுக்கூடத்தில் ரெண்டு முறை உண்டு. ஒன்று, தினமும் ஒரே நேரம், ஒரே மேஜை, ஒரே பரிமாறுபவர். இன்னொன்று ‘மை டைம்’, அன்றன்று நேரத்தை நாமே சொல்வது. ஒரு அறைக்கு அதையும் மற்றொன்றுக்கு இதையும் ஏஜென்ட் போட்டுவைத்தால் ஒரே மேஜை கிடைக்காது. மூன்று அறைக்கும் முன்பதிவு எண் தனித்தனியாக இருக்கும். அவற்றை ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லி ஏஜென்ட்டிடம் கேட்டு, இணைத்த பிறகு எழுத்தில் வாங்கிவையுங்கள். வெறுமனே ‘நாங்க எல்லாம் ஒரே குடும்பம்’ என்று வாயால் சொன்னது கப்பலின் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேராது.

நிலையான நேரம் என்றால் முதல் பந்தி மாலை 5:30 வாக்கில், ரெண்டாவது 8 மணி வாக்கில். சிங்கப்பூர் நேரம் நமக்கு ரெண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே மாலை 5:30 என்றால் நம் வயிற்றுக்கு மத்தியானம் 3 மணி. மூன்று, நான்கு ராத்திரிப் பயணத்தில் உடம்பு அதற்குப் பழகுவதற்குள் கப்பல் திரும்பிவிடும். மதுரைக்காரர்களுக்கு ரெண்டாவது பந்திதான் ஒத்துவரும். சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்கள் இருந்தால் நேரத்தை எப்படி மாற்றுவது என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

எட்டுப் பேர், பத்துப் பேர் வரை ஒரே மேஜை கேட்டுப் பார்க்கலாம். பன்னிரண்டு, பதினான்கு என்று போனால் பிரித்துவிடுவார்கள். அப்போது பக்கத்துப் பக்கத்து மேஜை வேண்டும், ரெண்டுக்கும் ஒரே பரிமாறுபவர் வேண்டும் என்று கேளுங்கள். கப்பல் ஏறிய அன்று மதியமே சாப்பாட்டுக்கூடத்துக்குப் போய் அங்குள்ள ஹெட் வெயிட்டரைப் பார்த்துவிடுவது நல்லது. ராத்திரி கூட்டம் கூடிய பிறகு கேட்டால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

பரிமாறுபவர் ஒருவராக இருப்பதில் இன்னொரு லாபம், சைவச் சாப்பாடு. நாளை ராத்திரிக்கு இந்திய சைவம் இத்தனை பேருக்கு என்று இன்றே சொல்லிவைத்தால் தனியாகச் செய்து கொண்டுவருவார்கள். வெங்காயம், பூண்டு கூடாது என்றால் புக் செய்யும்போதே பதிய வேண்டும். பாதிப்பேர் கறி, பாதிப்பேர் சைவம் என்கிற வீடுகளுக்கு, புரட்டாசியில் கிளம்புகிறவர்களுக்கும், பஃபேயைவிடக் கூடம்தான் நிம்மதி. தட்டு தட்டாக வருவதால் கரண்டி மாறிப்போகுமோ என்ற கவலை இல்லை. காலைக்கும் மதியத்துக்கும் ‘விண்ட்ஜாமர்’ பஃபே போதும், அங்கே அறை வகுப்பு பார்ப்பதில்லை. வீட்டில் கட்டிய புளியோதரையைக் கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள்.

சிங்கப்பூரின் இன்னொரு கப்பலான ஜென்டிங் ட்ரீமில் ‘பேலஸ்’ பகுதி சூட்டுகளுக்குத் தனி உணவகம் உண்டு. பேலஸில் இருப்பவர்கள் பொதுக்கூடமான ‘ட்ரீம் டைனிங் ரூம்’ அல்லது ‘லிடோ’ பஃபேவுக்கு இறங்கி வந்தால் குடும்பம் ஒன்றுசேரும். எம்.எஸ்.சி. கம்பெனிக் கப்பல்களின் ‘யாட் கிளப்’, நார்வீஜியன் கம்பெனிக் கப்பல்களின் ‘ஹேவன்’ என்ற சூட் பகுதிகள் ரெண்டும் இதே போலத்தான். நார்வீஜியனில் பொதுக்கூடத்தில் நிலையான நேரம், மேஜை எதுவும் கிடையாது என்பதால் சேர்ந்து போய் உட்காருவது எளிது.

பந்தி பிரிப்பதில் ரொம்பக் கறார் க்யூனார்ட் கம்பெனி. க்வீன்ஸ் கிரில், பிரின்சஸ் கிரில், பிரிட்டானியா கிளப், பிரிட்டானியா என்று அறைக்கேற்ற உணவகம். லண்டனில் இருக்கும் மகன் அந்தக் கம்பெனியின் க்வீன் மேரி 2 கப்பலில் பெற்றோருக்கு கிரில் சூட்டும் தனக்கு பிரிட்டானியா அறையும் போட்டால், பெற்றோர்தான் பிரிட்டானியாவுக்கு வர வேண்டும், அதற்கும் முன்கூட்டியே சொல்லி மேஜை வாங்க வேண்டும். கிரில் கட்டணத்தில் அந்தச் சாப்பாட்டுக்கான காசும் அடங்கியிருக்கிறது. தினமும் பிரிட்டானியாவில் சாப்பிடப் போகிறவர்களுக்கு அந்தக் காசு வீண். ஒரே வகுப்பில் எல்லாரும் போங்கள், இல்லையென்றால் வேறு கப்பல் பாருங்கள்.

சென்னையிலிருந்து கார்டீலியா கம்பெனியின் ‘எம்ப்ரஸ்’ கப்பல் கிளம்புகிற பருவம் என்றால் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினாலே போதும். ‘ஸ்டார்லைட்’ உணவகமும் ஃபுட் கோர்ட்டும்தான் அங்கே பொதுப்பந்தி. சைவமும் ஜைன உணவும் கேட்டு அலைய வேண்டியதில்லை. முதல் தடவை கப்பல் ஏறுகிற பெரிய குடும்பத்துக்கு இதிலிருந்து தொடங்கலாம். சூட் எடுத்த பெரியவர்களிடம் மட்டும், ராத்திரி எத்தனை மணிக்கு எந்த உணவகத்தின் வாசலில் நிற்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நடுக்கடலில் ஃபோன் எடுக்காது.